பழைய காலண்டரில் பளபள ஸ்டார்! உள்ளே பல்பு மாட்டும் முன் உஷார்!

சென்னையில் கிறிஸ்துமஸ் களை கட்டிவிட்டது. சாந்தோம், ராயபுரம், பெரம்பூர், வேப்பேரி, பரங்கிமலை என்று எந்தப் பக்கம் போனாலும் வாசலில் ஸ்டார் தொங்குகிறது. சில வீடுகளில் ஒன்று. சில வீடுகளில் மாடிக்கு மாடி!

அநேகமாக எல்லாம் கடையில் வாங்கியவை. ஆனால் வீட்டிலேயே சும்மா கிடக்கும் பூப்போட்ட தாளில் ஸ்டாரும், உருண்டையும், சங்கிலியும் செய்துவிடலாம். ஒரு சாயங்காலம் போதும். கத்தரிக்கோல், ஸ்கேல், ஊசி, நூல், கொஞ்சம் பசை. அவ்வளவுதான் மூலதனம்!

இப்படிச் செய்யும் ஸ்டாரில் ஆபத்து ஒன்றே ஒன்றுதான். அது தாளில் இல்லை. தாளுக்கு உள்ளே தொங்கும் பல்பில் இருக்கிறது. அதைக் கவனிக்காவிட்டால் பண்டிகை வீடு பாழாகிவிடும்.

எப்படிச் செய்வது? எப்படித் தொங்கவிடுவது? இதோ விவரம்:

20-ந் தேதி பர்ஸ்

கிறிஸ்துமஸ் வருவது 25-ந் தேதி. மாதச் சம்பளக்காரர்களுக்கு அது எப்படிப்பட்ட தேதி என்று சொல்லவே வேண்டாம். போன சம்பளம் கரைந்திருக்கும். அடுத்த சம்பளம் வந்திருக்காது.

துணிமணி எடுக்க வேண்டும். அதிரசம், முறுக்கு, அச்சு முறுக்கு சுட வேண்டும். அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு அனுப்ப வேண்டும். கீதம் பாடி வருகிறவர்களுக்குக் காணிக்கை கொடுக்க வேண்டும். இத்தனைக்கும் நடுவே, "எதிர் வீட்டுல பெரிய ஸ்டார் கட்டிட்டாங்கப்பா, நமக்கு எப்ப?" என்று பசங்கள் கேட்டால் அப்பா என்ன செய்வார்?

அலமாரியின் மேல் கையை விட்டுப் பார்க்க வேண்டியதுதான். அங்கேதான் இருக்கிறது புதையல்!

தாளுக்கா பஞ்சம்?

மாதக் காலண்டரில் டிசம்பர் தாள் மேலே வந்துவிட்டது என்றால், முந்தைய 11 தாள்களுக்கும் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம். பூ, அருவி, மலை, கிளி என்று பளபளக்கும் கனத்த தாள். பெரும்பாலும் சிவகாசி அச்சு. ஸ்டார் மடிக்க இதைவிட நல்ல தாள் கிடையாது.

அடுத்தது கல்யாணப் பத்திரிகை. வருஷம் முழுக்க வந்து குவிந்தவை. தங்கச் சரிகை போட்ட மாதிரி ஓரம், மாங்காய் டிசைன், கொடி வேலைப்பாடு. அட்டை கனமாக இருப்பதால் சின்னச் சின்ன மணி, மீன், புறா வெட்டுவதற்குத் தோதானது.

பிறந்த நாள் பரிசு சுற்றி வந்த பூத்தாள் இருக்கிறதா? அதுவும் ஆகும். கணக்குப் புத்தகம் பைண்டு செய்கிறவர்கள் அட்டைக்கு ஒட்டும் மார்பிள் பேப்பர் கிடைத்தால் யோகம்தான். தண்ணீரில் மை கலைந்த மாதிரி அலை அலையாக இருக்கும்.

புதுத்தாள் வாங்கத்தான் ஆசை என்றால் பாரிமுனையில் இறங்கி ஆண்டர்சன் தெருவுக்கு நடக்கலாம். காகிதக் கடைகளும் கல்யாணப் பத்திரிகைக் கடைகளும் வரிசையாக இருக்கும் தெரு அது.

இரண்டு விஷயத்தில் கவனம் தேவை.

ஒன்று, காலண்டரிலும் கல்யாணப் பத்திரிகையிலும் சாமி படம் இருக்கும். பிள்ளையாரோ, மாதாவோ, பிறையோ, யாருடைய படமாக இருந்தாலும் அதில் கத்தரி வைக்காதீர்கள். எடுத்துத் தனியாக வைத்துவிட்டு மிச்சத் தாளை எடுங்கள். பண்டிகை நாளில் யார் மனமும் புண்பட வேண்டாம்.

இரண்டு, தாள் மாதிரித் தெரியும் எல்லாமே தாள் அல்ல. ஒரு மூலையைக் கிழித்துப் பாருங்கள். கிழிந்த இடம் பஞ்சு பஞ்சாக இருந்தால் தாள். ரப்பர் மாதிரி இழுபட்டால் மேலே பிளாஸ்டிக் ஒட்டியிருக்கிறது. அது பசைக்கும் ஒட்டாது, மடிப்பும் நிற்காது. தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். வேண்டவே வேண்டாம்!

முடிச்சில் பிறக்கும் ஸ்டார்

ஐந்து முனை ஸ்டார் வரைவது லேசு இல்லை. கையால் வரைந்தால் ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. காம்பஸ், கோணமானி எல்லாம் தேட வேண்டியிருக்கும்.

அது எதுவும் வேண்டாம். ஒரு முடிச்சுப் போதும்!

படித்து முடித்த செய்தித்தாளில் 2 அங்குல அகலம், ஒன்றரை அடி நீளத்தில் ஒரு பட்டை வெட்டுங்கள். கயிற்றில் முடிச்சுப் போடுவது போல அந்தப் பட்டையில் ஒரு முடிச்சு போடுங்கள். கசங்காமல், கிழியாமல் மெதுவாக இழுத்து, தட்டையாக அழுத்துங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வாலையும் வெட்டிவிடுங்கள். கையில் என்ன இருக்கிறது பாருங்கள். ஐந்து பக்கமும் சமமான ஐங்கோணம்!

இதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில், நடுவில் வையுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஸ்கேலை ஒட்டி வைத்து, இரண்டு திசையிலும் நீளமாகக் கோடு இழுங்கள். ஐந்து கோடும் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் ஐந்து முனை வந்துவிடும். ஸ்டார் ரெடி! ஒரு முனையிலிருந்து அடுத்ததற்கு அடுத்த முனை வரை கிட்டத்தட்ட 9 அங்குலம் இருக்கும்.

இன்னும் பெரிது வேண்டுமா? பட்டையின் அகலத்தைக் கூட்டுங்கள். பட்டை இரண்டு மடங்கு அகலமானால் ஸ்டாரும் இரண்டு மடங்காகும்.

மேடும் பள்ளமும்

வெட்டிய ஸ்டார் இப்போது தோசை மாதிரித் தட்டையாக இருக்கும். அதற்கு உயிர் வருவது மடிப்பில்தான்.

ஐந்து முனையிலிருந்தும் நடுப்புள்ளி வரை மேடாக மடிக்க வேண்டும். முனைக்கும் முனைக்கும் நடுவே உள்ள ஐந்து குழியிலிருந்தும் நடுப்புள்ளி வரை பள்ளமாக மடிக்க வேண்டும். எழுதித் தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேலை வைத்து ஒரு தடவை கீறிவிட்டால், மடிப்பு கத்தி மாதிரி விழும்.

மடித்தவுடன் தாள் தானாகவே உப்பிக்கொண்டு நிற்கும். ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் நிழல். சுவரில் ஒட்டினால் செதுக்கி வைத்த மாதிரி இருக்கும்.

இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி தொங்கவிட வேண்டும் என்றால் இரண்டு ஸ்டார் செய்யுங்கள். ஒன்றுக்கு மட்டும் ஓரத்தில் கால் அங்குலம் தாள் விட்டு வெட்டுங்கள். முதுகோடு முதுகு சேர்த்து, அந்த ஓரத்தை மடக்கி ஒட்டுங்கள். ஒரு முனையில் ஊசியால் நூல் கோத்துத் தொங்கவிட வேண்டியதுதான்.

உருண்டையும் சங்கிலியும்

சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றது உருண்டை. அரை அங்குல அகலம், 6 அங்குல நீளத்தில் 8 பட்டை வெட்டுங்கள். எட்டையும் அடுக்கி, இரண்டு நுனியிலும் ஊசியால் ஓட்டை போட்டு நூலைக் கோருங்கள். அடியில் முடிச்சு. மேல் நுனியைக் கீழே கொஞ்சம் இறக்கினால் பட்டைகள் வில்லாக வளையும். அங்கேயும் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு, பட்டைகளை விசிறி மாதிரி சுற்றிலும் பிரித்துவிடுங்கள். உருண்டை வந்துவிடும்!

சங்கிலி எல்லோருக்கும் தெரிந்ததுதான். பட்டையை வளையமாக ஒட்டி, அதற்குள் அடுத்த வளையம். ஒரு வளையம் பூத்தாள், அடுத்தது வெறும் கலர் என்று மாற்றி மாற்றிக் கோத்தால்தான் எடுப்பு. எல்லாமே பூப்போட்டதாக இருந்தால் கண்ணுக்கு ஒன்றுமே பிடிபடாது.

பசைக்கு மைதா மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினாலே போதும். சிலர் பூச்சி அரிக்காமல் இருக்க அதில் மயில்துத்தம் போடுவார்கள். அது விஷம்! பிள்ளைகள் கை வைக்கும் பசையில் அதைப் போடாதீர்கள்.

கடல் கடந்த கதை

தாளில் கிறிஸ்துமஸ் அலங்காரம் செய்வது ஏதோ ஏழை வீட்டு ஏற்பாடு என்று யாரும் நினைக்க வேண்டாம். உலகப் புகழ் பெற்ற அலங்காரங்களே தாளில் பிறந்தவைதான்!

ஜெர்மனியில் நீஸ்கி என்று ஓர் ஊர். மொரேவியன் சபையார் அங்கே ஒரு பள்ளிக்கூடம் நடத்தினார்கள். 19-ம் நூற்றாண்டின் முற்பகுதியில், அங்கே வடிவக் கணக்குப் பாடத்துக்காகப் பசங்கள் தாளில் செய்த ஸ்டார்தான் இன்றைக்கு 'ஹெர்ன்ஹூட் ஸ்டார்' என்று உலகம் சுற்றுகிறது. நாலு பக்கக் கூம்பு 17, மூன்று பக்கக் கூம்பு 8, ஆக மொத்தம் 25 முனை. கணக்குப் பாடம் அலங்காரமாகிவிட்டது!

டென்மார்க்கில் இரண்டு கலர் தாளைப் பாய் முடைவது போல முடைந்து இருதய வடிவத்தில் சின்னப் பை செய்வார்கள். உள்ளே மிட்டாய் போட்டு கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவார்கள். இன்று இருப்பதிலேயே மிகப் பழைய தாள் இருதயம், பிரபல குழந்தைக் கதை எழுத்தாளர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1860-ல் தன் கையால் செய்தது!

பிலிப்பைன்ஸ் நாட்டில் மூங்கில் பிளாச்சும் மெல்லிய தாளும் வைத்து 'பரோல்' என்ற ஸ்டார் விளக்கு கட்டுகிறார்கள். நம் வட சென்னைப் பசங்கள் காற்றாடி கட்டுகிறார்களே, அதே கைவேலை. அதே மூங்கில், அதே தாள், அதே பசை. கழுத்தை அறுக்கும் மாஞ்சா நூலை விட்டுவிட்டு அந்தக் கைகள் ஸ்டார் கட்டினால் யாருக்கும் கெடுதல் இல்லை. நைலான் மாஞ்சாவுக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2017-ம் ஆண்டே நாடு முழுவதும் தடை போட்டுவிட்டது.

காகிதப் பஞ்சம்

அந்த டென்மார்க்குக்கும் நமக்கும் பழைய பந்தம் உண்டு. தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை கொடி நாட்டியவர்கள் அந்த நாட்டுக்காரர்கள்தான். அங்கே சீகன்பால்கு பாதிரியார் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சடிக்க ஆரம்பித்தபோது காகிதத்துக்குப் பெரும் தட்டுப்பாடு. தாளை மிச்சப்படுத்த, எழுத்துகளையே சின்னதாக வார்த்து அச்சடித்தார்கள்! 1715-ல் வேலை முடிந்தது.

ஒரு தாளுக்கு அப்படித் தவித்த காலம் அது. இன்று கலர் கலராக அச்சடித்த தாள் காலடியில் கிடக்கிறது. எடைக்குப் போடுவதற்கு முன் ஒரு ஸ்டாராவது செய்து பார்த்தால் என்ன?

பல்பு பயங்கரம்!

இனிதான் முக்கியமான விஷயம்.

ஸ்டார் என்றால் உள்ளே வெளிச்சம் வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். வீட்டில் கிடக்கும் பழைய குண்டு பல்பை எடுத்து உள்ளே மாட்டிவிடுகிறார்கள். இது தீயோடு விளையாடுவது!

குண்டு பல்பு இழுக்கும் மின்சாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட வெளிச்சமாவது இல்லை. மிச்சம் அத்தனையும் சூடு. வெளியே தொங்கினால் சூடு காற்றில் போய்விடும். ஸ்டாருக்குள் அடைத்து வைத்தால் எங்கே போகும்? உள்ளேயே தேங்கும். காற்றில் ஸ்டார் ஆடி, தாள் பல்பின் மேல் சாய்ந்தால் முதலில் பழுப்பாகும். பிறகு கருகும். பிறகு...? சொல்ல வேண்டியதில்லை.

மெழுகுவர்த்தியோ அகல் விளக்கோ உள்ளே வைப்பது அதைவிட மோசம். மேல்நாட்டில் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் மரத்தில் நிஜ மெழுகுவர்த்திகளை ஏற்றி வீடு பற்றிக்கொண்ட சம்பவங்கள் ஏராளம். 1882-ல் நியூயார்க்கில் எடிசனின் கூட்டாளி எட்வர்டு ஜான்சன் 80 மின்சார பல்புகளை மரத்தில் எரியவிட்டுக் காட்டிய பிறகுதான் மெழுகுவர்த்தி மெல்ல மெல்ல விடைபெற்றது. அவர்கள் விட்டுவிட்டதை நாம் ஏன் பிடிக்க வேண்டும்?

என்ன செய்யலாம்?

* 9 அங்குல ஸ்டாருக்குள் எந்த பல்பும் வேண்டாம். உள்ளே இடமே கிடையாது. ஐந்தாறு ஸ்டார்களை உயரமும் தாழ்வுமாகக் கட்டி, எதிரே இருக்கும் வாசல் விளக்கைப் போடுங்கள். பளபள தாள் அந்த வெளிச்சத்திலேயே மின்னும்.

* உள்ளே விளக்கு வேண்டும் என்றால் ஸ்டார் 2 அடிக்குக் குறையக்கூடாது. எல்.இ.டி. பல்பு மட்டும்தான். 5 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. எந்தப் பக்கம் ஆடினாலும் தாளில் படாமல் நடுவில் நிற்க வேண்டும். சூடு வெளியேற மேலும் கீழும் ஓட்டை வேண்டும். காலண்டர் தாளில் ஆணியால் பூ மாதிரி ஓட்டை குத்தினால் சூடும் போகும், வெளிச்சமும் புள்ளிப் புள்ளியாகத் தெரியும்.

* ஒயரில் ஸ்டாரைத் தொங்கவிடாதீர்கள். பாரம் தாங்கத் தனிக் கயிறு. ஒயர் ஒயராக மட்டும் இருக்கட்டும்.

* இது மழைக் காலம். 2015-லும் 2023-லும் டிசம்பர் மழை சென்னையை என்ன பாடு படுத்தியது என்று தெரியும். மொட்டை மாடியிலும் மரக்கிளையிலும் ஒயர் இழுக்காதீர்கள். சன்ஷேடுக்கு அடியில், நனையாத இடத்தில் மாட்டுங்கள். நடுவில் வெட்டி டேப் சுற்றிய ஒயர் உதவவே உதவாது. ஈரக் கையோடு தொடாதீர்கள்.

* மின் கசிவு ஏற்பட்டால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.டி. கருவி வீட்டில் இல்லையா? எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு மாட்டிவிடுங்கள். பண்டிகைக்கு மட்டுமல்ல, வருஷம் முழுக்க உயிர் காக்கும்.

* ஓலைக் கூரை, கீற்றுப் பந்தல் அருகே விளக்கு போட்ட காகித ஸ்டார் கூடவே கூடாது.

கம்பத்தில் கொக்கியா?

தெரு முனையில் பெரிய ஸ்டார் கட்டும் வாலிபர்களுக்கு ஒரு வார்த்தை. தெரு விளக்குக் கம்பத்தில் கொக்கி போட்டுக் கரண்ட் எடுப்பது 'பண்டிகைக்குத்தானே' என்று விட்டுவிடும் விஷயம் அல்ல. அது மின் திருட்டு. 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் 135-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கும்.

போலீஸ் கேசைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. மழையில் நனைந்த அந்தக் கம்பத்தைத் தெருவில் போகும் ஒரு குழந்தை தொட்டால்? கேஸை நடத்தி முடித்துவிடலாம். போன உயிர் வருமா?

குப்பைக்கும் கணக்கு

ஜனவரி 6-ந் தேதி மூன்று ராஜாக்கள் திருநாளோடு பல வீடுகளில் ஸ்டாரை இறக்குகிறார்கள். அப்போது அதை அப்படியே தெருவில் வீசாதீர்கள்.

வெறும் தாள் என்றால் உலர்ந்த குப்பையோடு நீலத் தொட்டிக்குப் போகட்டும். பழைய பேப்பர்காரரும் எடுத்துக்கொள்வார். ஜிகினாத்தூள் தூவியிருந்தால் அவரும் வேண்டாம் என்பார். அந்தத் தூளில் பெரும்பாலானது பிளாஸ்டிக். கடைசியில் பெருங்குடியிலோ கொடுங்கையூரிலோ குப்பை மலையில்தான் போய்ச் சேரும். தாளிலேயே பூவும் கொடியும் இருக்கும்போது மேலே ஜிகினா எதற்கு?

நன்றாகச் செய்த ஸ்டாரைக் குப்பையில் போடவே வேண்டாம். ஒட்டாமல் மடித்த ஸ்டாரைத் தட்டையாக்கி, புத்தகத்துக்கு நடுவில் வைத்துவிட்டால் அடுத்த டிசம்பருக்கு மறுபடி உப்பிக்கொண்டு நிற்கும்!

கடைக்காரர்களுக்கு

பெட்டிக்கடை, பேன்சி ஸ்டோர் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்கலாம். காலண்டர் தாளில் செய்த ஸ்டார் ஒன்றைக் கடை வாசலில் மாட்டி, பக்கத்திலேயே கலர்த்தாள், நூல், கோந்து மூன்றையும் கவரில் போட்டு வைத்தால் ஸ்கூல் பிள்ளைகள் தேடி வருவார்கள். அரையாண்டுப் பரீட்சை முடிந்து லீவு விடும் நேரமாச்சே! ஸ்டாருக்கு பல்பு கேட்டு வருகிறவர்களிடம் குண்டு பல்பை எடுத்து நீட்டாமல் எல்.இ.டி.யைக் கொடுங்கள்.

நள்ளிரவில் உஷார்

கடைசியாக ஒன்று.

24-ந் தேதி ராத்திரி குடும்பத்தோடு எல்லோரும் நள்ளிரவு பூசைக்கோ ஆராதனைக்கோ போய்விடுவார்கள். வீடு பூட்டியிருக்கும். வாசலில் ஸ்டார் மட்டும் எரிந்துகொண்டிருக்கும். அதில் புகை வந்தால் பார்க்க ஆள் இல்லை. தெருவே காலியாக இருக்கும்.

வீட்டில் ஆள் இருக்கும்போது தீப்பிடித்தால் முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். கரண்ட் இருக்கும்போது தண்ணீர் ஊற்றக்கூடாது. பிள்ளைகளையும் பெரியவர்களையும் வெளியே கொண்டு வந்துவிட்டு, 101-க்குப் போன் செய்ய வேண்டும். பூட்டிய வீட்டில் இதையெல்லாம் யார் செய்வது?

ஆகையால் கோவிலுக்குக் கிளம்பும்போது கதவைப் பூட்டுவதற்கு முன் ஸ்டார் சுவிட்சை அணைத்துவிடுங்கள். 'பண்டிகை ராத்திரியில் ஸ்டாரை அணைப்பதா?' என்று பாட்டி கேட்டால், திரும்பி வந்ததும் பேரன் கையாலேயே போடச் சொல்லுங்கள்!